ஆயில்ல வயல் வரையப் போறவங்க எந்தெந்த ட்யூப் எடுத்துட்டுப் போறீங்க? ஸோர்ன் பேலட்ல பச்சையே வரமாட்டேங்குது

டெல்டாக்காரன்:

மயிலாடுதுறை பக்கம் ஆளு நான். வாட்டர்கலர்ல வெளிய உக்காந்து வரையிற பழக்கம் முன்னாடியே உண்டு, இப்பதான் ஆயிலுக்கு வந்திருக்கேன், வீட்ல ஜன்னலோரம் செம்பு தேங்கா வச்சு வரைஞ்சா நல்லாவே வருது, வெளிய தூக்கிட்டுப் போனாதான் பிரச்சனை. வரப்புல நடக்கணும், ஒரு கையில ஈசல் (படம் வைக்குற ஸ்டாண்டு), ஒரு தோள்ல பை, இதுல பத்துப் பதினஞ்சு ட்யூப தூக்கிட்டு அலைய முடியாதுன்னு லிமிட்டட் பேலட்டுக்குப் போனேன். யூடியூப்ல யாரப் பாத்தாலும் ஸோர்ன் பேலட் ஸோர்ன் பேலட்னு சொல்றாங்கல்ல, அதேதான். யெல்லோ ஓக்கர்ங்குற மங்குன மஞ்சள், வெர்மிலியன்ங்குற சிவப்பு, பிளாக், டைட்டானியம் ஒயிட். நாலே ட்யூப்.

ஓட்டு வீடு, வைக்கோல் போர், மாடு, களத்துமேட்டுல உக்காந்திருக்குற பெருசுங்க முகம், இதெல்லாம் சும்மா அள்ளுது. ஆனா வயல்? ஓக்கரும் பிளாக்கும் கலந்தா வர்ற பச்சை ஊறப்போட்ட நெல்லிக்கா கலர்ல நிக்குது. இப்ப எங்க பக்கம் குறுவை நாத்து, கண்ணு கூசுற பச்சை, அத இந்த நாலு ட்யூப வச்சு எப்படித்தான் கொண்டாறது? பிளாக்கும் ஒயிட்டும் கலந்தா நீலம் மாதிரி தெரியும்னு சொல்றாங்க, எனக்கு வெறும் சாம்பல்தான் தெரியுது.

கேள்வி என்னன்னா, நாலஞ்சு ட்யூபுக்கு மேல போகாம நம்ம ஊரு வயல், வாய்க்கா, பூம்புகார் கடல் மூணையும் சமாளிக்க எது எது வேணும்? பேசாம சாப் க்ரீன்னு ரெடிமேடா வர்ற பச்சை ட்யூப் ஒண்ணு வாங்கிடலாமா, இல்ல அது கேவலமா? டர்பன்டைன் (பெயின்ட் கரைக்குற திரவம்), வெயில், காத்து இதப்பத்தி வேற எதாவது இருந்தாலும் சொல்லுங்க.

ஓக்கர்_மாமா:

தம்பி, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில படிச்சு ட்ராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ஸோர்ன் யாருன்னு பாருங்க. ஆண்டர்ஸ் ஸோர்ன், ஸ்வீடன்காரர், மோரான்னு ஒரு ஊரு, 1860ல பொறந்து 1920ல போயிட்டார். 1896ல தன்னையே வரைஞ்ச படத்துல கையில பேலட் வச்சிருக்கார், அதுல வெள்ளை, ஓக்கர், சிவப்பு, கருப்பு நாலுதான் தெரியுது. அதப் பாத்துட்டுதான் இந்தப் பேரே வந்துச்சு. ஆனா அந்தப் படம் என்ன படம்? ஸ்டுடியோக்குள்ள, மங்கல் வெளிச்சத்துல, மனுஷ முகமும் தோலும். அதுக்கு அந்த நாலு கலர் தாராளம். அவர் விட்டுட்டுப் போன ட்யூப்கள்ல கோபால்ட் ப்ளூவும் இருக்கு. அதாவது அந்த மனுஷனே தேவைப்பட்டப்ப நீலத்த எடுத்திருக்கார். நீங்க எதுக்கு குறுவை நாத்து முன்னாடி நின்னுகிட்டு விரதம் இருக்கீங்க?

லிமிட்டட் பேலட்டுன்னா யாரோ எழுதிக்கொடுத்த சீட்டு இல்ல. ஒரு எடத்துக்குப் போனதும் கேக்கவேண்டியது ஒரே கேள்வி, இங்க எந்த கலர் அதிகமா கத்துது? அந்தக் கத்துற கலர மட்டும் அதே பளபளப்போட தொடுறதுக்கு ஒரு ட்யூப் கையில இருக்கணும், மத்தது எல்லாம் பக்கத்துக் கலரோட ஒப்பிட்டுப் பாத்தா சரியாத் தெரிஞ்சா போதும். ஆனி ஆடில நம்ம டெல்டாவுல கத்துறது நாத்து. அந்தப் பச்சைய ஓக்கரால தொடவே முடியாது, ஏன்னா ஓக்கரே மங்குன மஞ்சள், மங்குன மஞ்சள்ல இருந்து பளிச்சுனு பச்சை எங்க இருந்து வரும்? லெமன் யெல்லோ வேணும். அதுகூட அல்ட்ராமரின் நீலம்.

ஆனா இதே வயலுக்கு தை மாசம் வாங்க. சம்பா முத்தி அறுப்புக்கு நிக்குது, கதிர் பொன்னா இருக்கு, வரப்பு காஞ்சு வெளுத்திருக்கு, காலைல பனி மூட்டம். அப்ப உங்க ஸோர்ன் நாலு ட்யூபே போதும், அதுல ஓக்கர்தான் ராஜா. நான் தைக்கு ஒரு பேலட், ஆடிக்கு ஒரு பேலட்னுதான் வச்சிருக்கேன். ஆடிக்கு: லெமன் யெல்லோ, அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னாங்குற செம்பழுப்பு, ஒயிட். அவ்வளவுதான். செம்மண்ணு, செங்கல்லு, ஓடு எல்லாம் சியன்னா பாத்துக்கும். கோயில் திருவிழா, செவப்புச் சேலை, சாமந்திப்பூ கூடைன்னு எதாவது இருக்குற எடம்னா மட்டும் ஒரு சிவப்பு கூட சேரும்.

அஞ்சாறு கலர்ல பெருசா என்ன பண்ணிட முடியும்னு யாராவது கேட்டா தஞ்சாவூர் பெரிய கோயில சொல்லுங்க. 1931ல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில இருந்து சோழர் கால ஓவியம் வெளிய வந்துச்சே, அதுல பெரும்பங்கு காவி, மஞ்சக்காவி, சுண்ணாம்பு வெள்ளை, கரி. ஆயிரம் வருஷம் தாண்டி நிக்குது.

கரித்துண்டு:

மாமா சொன்னது சரிதான், ஆனா தம்பியோட சிக்கல் கலர்ல இல்லனு எனக்குத் தோணுது. ஒரு போட்டோ போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், போடாததால குத்துமதிப்பா சொல்றேன்: வெயில் படுற வயலும் நிழல்ல இருக்குற தென்னந்தோப்பும் உங்க படத்துல ஒரே டோன்ல, அதாவது ஒரே லைட்டு டார்க்கு அளவுல இருக்கும். சரியா? டோன் தப்பா இருந்தா எத்தன பச்சை வாங்கினாலும் வேலைக்காவாது.

ரெண்டு ட்யூபும் ஒயிட்டும் மட்டும் எடுத்துட்டு போங்க, அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா. ரெண்டையும் சமமா கலந்தா கருப்பு மாதிரி ஒரு ஆழமான டார்க் வரும், நீலம் கூட்டுனா குளிர்ச்சி, சியன்னா கூட்டுனா சூடு, ஒயிட் போட்டா எல்லா சாம்பலும். பச்சை சுத்தமா வராது, வரவும் வேணாம். கண்ணை இடுக்கிப் பாத்து, வானம் எவ்வளவு லைட்டு, வயல் அதவிட எவ்வளவு டார்க்கு, மரம் அதவிட எவ்வளவு, வரப்போட நிழல் எவ்வளவு, இத மட்டும் 6க்கு 8 இன்ச் போர்டுல ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுட்டு வாங்க. சில வாரம் இதையே செஞ்சிட்டு அப்புறமா லெமன் யெல்லோவ உள்ள விடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

சாப் க்ரீன் கேவலம்லாம் இல்ல. ஆனா ட்யூப்ல இருந்து அப்படியே எடுத்து எல்லா மரத்துக்கும் பூசுனா வேப்பமரமும் தென்னையும் வயலும் ஒரே குடும்பம் ஆயிடும், அதான் பிரச்சனை.

குன்னூர்_மஞ்சு:

ஸோர்ன திட்டாதீங்கப்பா 😄 எங்க ஊர்ல அதுதான் என்னோட டெய்லி பேலட். மஞ்சு எறங்குற மத்தியானத்துல யூக்கலிப்டஸ் மரத்தப் பாருங்க, அது பச்சையே இல்ல, சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கலர், ஐவரி பிளாக் ஒயிட் கொஞ்சம் ஓக்கர், முடிஞ்சது. தூரத்து மலை அடுக்கு அடுக்கா இருக்குறதுக்கு பிளாக்கும் ஒயிட்டும் மட்டும். பக்கத்துல தகரக்கூரையோட துருவ வெர்மிலியன் ஓக்கர்ல வச்சுட்டா அந்த சாம்பல் தானா நீலமாத் தெரியும். தம்பிக்கு நீலம் தெரியலன்னு சொன்னது இதனாலதான் இருக்கும்னு நெனைக்கிறேன், சாம்பல மட்டும் தனியா பாத்தா சாம்பல்தான், பக்கத்துல ஆரஞ்சு மாதிரி சூடா ஒண்ணு இருந்தாதான் அது நீலம் வேஷம் போடும். கீழ உங்க ஊரு வெயில்ல, மேகமே இல்லாத வானத்துக்கு அந்த வேஷம் செல்லாது.

ஆனா தேயிலை கொழுந்து விட்ட நேரத்துல வெயில் அடிச்சா நானும் லெமன் யெல்லோவத்தான் எடுப்பேன். அதனால மாமா கட்சி.

இங்க இன்னொரு தொல்லை காயுறது. மழைக்காலத்துல ஒரு வாரம் ஆனாலும் ஒட்டும். உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

டெல்டாக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கரித்துண்டு அண்ணே, போட்டோ போடல, ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் படத்த மொபைல்ல ப்ளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாத்தேன், தோப்பும் வயலும் ஒண்ணாத்தான் இருக்கு, எப்படிண்ணே பாக்காமலே சொன்னீங்க.

மஞ்சு அக்கா, என்கிட்ட இருக்குற பிளாக் ஐவரி பிளாக் இல்ல, லேம்ப் பிளாக்னு போட்டிருக்கு, அதுல எதாவது வித்தியாசம் வருமா? கடையில கேட்டா கருப்புன்னா கருப்புதாம்பாங்குறார். அதேமாதிரி சிவப்பு வெர்மிலியன் ஹியூன்னு இருக்கு, ஹியூன்னா என்னன்னு தெரியல. அலிசரின் கிரிம்சன்ங்குற அடர் சிவப்பு வாங்கலாமா வேணாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மாமா, அந்த நாத்துப் பச்சைய எப்படி கலக்குறதுன்னு கொஞ்சம் விவரமா சொல்ல முடியுமா? அல்ட்ராமரினும் லெமனும் கடன் வாங்கி கலந்து பாத்தேன், பச்சை வருது, ஆனா பிளாஸ்டிக் பச்சையா இருக்கு.

அப்புறம் ஒரு சைட் விஷயம், ஈசல் விரிச்சு நின்னா ஊர்ல பெருசுங்க வந்து எண்ணெய்க் குழாய் சர்வேக்கு வந்த ஆளான்னு விசாரிக்கிறாங்க, அதுக்கு என்ன பண்றது 😂

பிக்மென்ட்_பைத்தியம்:

ட்யூப் கேள்விக்கு மட்டும் நான் வரேன்.

ட்யூப் பின்னாடி சின்ன எழுத்துல, உள்ள இருக்குற பிக்மென்ட்டோட (கலர் பொடியோட) நம்பர் இருக்கும், முன்னாடி இருக்குற அழகான பேரை விட்டுட்டு அதப் படிக்கணும். ஒரிஜினல் வெர்மிலியன் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, பிஆர் 106, ஸோர்ன் காலத்துல அதுதான். இப்ப கடையில கெடைக்கிற "ஹியூ" எல்லாம் அதே மாதிரி தெரியுற வேற ஆர்கானிக் பிக்மென்ட். அதுல தப்பில்ல, பாதரசம் இல்லாதது நல்லதுதான், ஆனா கலந்தா வேற மாதிரி நடந்துக்கும். ஸோர்ன் மாதிரியே வேணும்னா கேட்மியம் ரெட் லைட், பிஆர் 108, அதுதான் பக்கத்துல வரும், விலைதான் கைய கடிக்கும்.

பிளாக்: லேம்ப் பிளாக் புகைக்கரி, கலக்குற சக்தி ரொம்ப ஜாஸ்தி, கொஞ்சம் விட்டாலே எல்லாத்தையும் முழுங்கிடும். ஐவரி பிளாக் (இப்ப எலும்புக்கரிதான், தந்தம் இல்ல, பயப்படாதீங்க) கொஞ்சம் சாது, மஞ்சளோட சேர்ந்து பச்சை எடுக்குறதுக்கு அதுதான் சொல்பேச்சு கேக்கும். மார்ஸ் பிளாக்னு ஒண்ணு இருக்கு, அது இரும்பு ஆக்ஸைடு, பழுப்பு பக்கம் சாயும், அதுல இருந்து நீலம் எதிர்பாக்காதீங்க.

ஒயிட்: ஸோர்ன் போட்டது லெட் ஒயிட், ஈயத்துல செஞ்ச வெள்ளை. நாம போடுறது டைட்டானியம், பிடபிள்யூ 6. இது ரொம்ப பலசாலி, ரெண்டு சொட்டு ஜாஸ்தியானா கலர் சுண்ணாம்படிச்ச மாதிரி வெளுத்துப் போகும். வெயில்ல நின்னு வரையிறவங்க படம் எல்லாம் வெளிறிப்போய் இருக்குறதுக்கு பாதிக் காரணம் இதுதான், மஞ்சளால லைட்டாக்க வேண்டியத ஒயிட்டால லைட்டாக்கிடுறாங்க. ஜிங்க் ஒயிட் சாதுன்னு சொல்லி யாராவது விப்பாங்க, ஆயில்ல அது காலப்போக்குல மொறுமொறுன்னு ஆகி வெடிக்கும், வேணாம்.

அலிசரின்: பழைய அலிசரின் பிஆர் 83. வெளிச்சத்துல வெளுக்கும், அதுவும் ஒயிட் கலந்து லேசா போட்டீங்கன்னா இன்னும் சீக்கிரம். "பெர்மனன்ட் அலிசரின்"னு போட்டு உள்ள க்வினாக்ரிடோன், பிவி 19 மாதிரி எதாவது இருந்தா வாங்கலாம். உங்க வேலைக்கு இப்ப அவசியமே இல்ல, அந்தி வானமும் அல்லிக்கொளமும் போட ஆரம்பிச்சீங்கன்னா தேவைப்படும்.

அல்ட்ராமரின் பிபி 29, இத மட்டும் எந்தக் கம்பெனில வாங்கினாலும் பெரிசா ஏமாற மாட்டீங்க, செயற்கையா செய்யிறது 1820கள்லயே வந்தாச்சு, விலையும் கம்மி. மத்தபடி லெமன் யெல்லோவுல பிஒய் 3 இருக்கான்னு பாருங்க.

ஓக்கர்_மாமா:

நாத்துப் பச்சைக்கு வரேன்.

மொதல்ல லெமன் யெல்லோவ தாராளமா பேலட்ல வையுங்க. அல்ட்ராமரின் கடுகளவு. எப்பவும் மஞ்சளுக்குள்ள நீலத்த எடுத்துட்டுப் போகணும், நீலத்துக்குள்ள மஞ்சள ஊத்தினா ட்யூப் காலியாகும், பச்சை லைட்டாகாது. கத்தியால கலங்க, தூரிகையால கலந்தா பாதி பெயின்ட் ரோமத்துக்குள்ள போயிடும். இப்ப வர்றதுதான் நீங்க சொன்ன பிளாஸ்டிக் பச்சை. இதுக்குள்ள பர்ன்ட் சியன்னா, கத்தி நுனில ஒட்டுற அளவு, விடுங்க. உடனே அது செடிப் பச்சையா மாறும். சிவப்பு எல்லாப் பச்சையையும் தரைக்கு எறக்கும், கொஞ்சம் ஜாஸ்தியானா சேறாக்கிடும், அந்த எல்லைய கையால பழகணும், எழுதிக் காட்ட முடியாது.

ஆனா முக்கியமானது இனிமேதான். நாத்தங்கால்ல ஒரு பச்சை கெடையாது. சூரியன் உங்களுக்கு எதிர்ல இருந்தா வெளிச்சம் இலைக்குள்ள பூந்து வரும், அதுதான் அந்த எரியுற மஞ்சப்பச்சை, அங்க கிட்டத்தட்ட சுத்தமான லெமன். அதே வயல சூரியன் முதுகுப்பக்கம் வச்சுப் பாருங்க, இலை மேல வானம் பட்டு கொஞ்சம் நீலமா, மங்கலா இருக்கும். எல்லா எடத்துலயும் பளிச்சுப் பச்சை வச்சா எதுவுமே பளிச்சுனு தெரியாது. படத்துல ஒரே ஒரு துண்டு மட்டும் அந்த சுத்தப் பச்சையா இருக்கட்டும், சுத்தி இருக்குற மிச்ச வயல ஒரு படி எறக்குங்க. உங்ககிட்ட இருக்குற பிளாக் லெமன் யெல்லோவோட சேந்தா வர்ற ஆலிவ் பச்சை தென்னந்தோப்பு நிழலுக்கு பிரமாதமா ஒக்காரும், அதனால அந்த பிளாக்க தூக்கிப் போட்டுடாதீங்க. பனை ஓலைக்கு சாம்பல் கூடும், வேப்பிலைக் கொழுந்துக்கு சியன்னா கூடும்.

தண்ணி நிக்குற வயலா இருந்தா ஒண்ணு கவனிங்க. வானம் தண்ணில தெரியும்போது மேல இருக்குறத விட ஒரு பொடி டார்க்கா இருக்கும், மரத்தோட பிம்பம் மரத்த விட ஒரு பொடி லைட்டா இருக்கும். இந்த ரெண்டையும் புடிச்சிட்டீங்கன்னா தண்ணிய வரையவே வேணாம், தானா ஈரமாத் தெரியும்.

சர்வே ஆளுன்னு நெனைக்கிறவங்ககிட்ட தூரிகையக் காட்டி "உங்க வயலத்தான் வரையிறேன்"னு சொல்லுங்க. அப்புறம் மோர் வரும், கூடவே "ஏன் எங்க மோட்டார் ரூம விட்டுட்ட"ங்குற கேள்வியும் வரும்.

காசிமேட்டு_காலை:

கடல் கேள்விய யாரும் தொடல, நான் தொடறேன். சென்னையில மீன்பிடித் துறைமுகத்துல போய் வரையிறவன், ஆனா கிழக்குக் கரை முழுக்க விஷயம் ஒண்ணுதான்.

நம்மளுக்கு கடல் கிழக்கால. காலைல சூரியன் கடலுக்கு மேல, அதாவது உங்க மூஞ்சிக்கு நேரா. அப்ப கடல் நீலமே கெடையாது, வெள்ளித் தகடு, படகெல்லாம் நிழலுருவம். இந்த நேரத்துக்கு உங்க பழைய ஸோர்ன் பேலட்டே போதும், ஓக்கர், கொஞ்சம் வெர்மிலியன், பிளாக், ஒயிட். நீலக் கடல் வேணும்னா மதியம் மூணுக்கு மேல வாங்க, சூரியன் முதுகுக்குப் பின்னாடி போயிருக்கும், அல்ட்ராமரின் அப்பதான் வேலை செய்யும். அப்பவும் கரையோரம் மண்ணு கலந்து பழுப்புப் பச்சையாத்தான் இருக்கும், அதுவும் பூம்புகார் காவிரி கலக்குற எடம், தண்ணி வர்ற சீசன்ல கரைக்குப் பக்கத்துல சியன்னாவும் ஓக்கரும் இல்லாம முடியாது. கேலண்டர் நீலம் போட்டா ஊர்க்காரனே சிரிப்பான்.

நடு மத்தியானம் வெளிய போகாதீங்க, வெயிலுக்காக மட்டும் சொல்லல. நம்ம ஊரு அட்சரேகை 11 டிகிரி, சித்திரையிலயும் ஆவணிலயும் சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், நிழல் எல்லாம் மரத்துக்கு அடியிலயே சுருண்டுக்கும், வரையிறதுக்கு உருவமே இருக்காது. காலைல விடிஞ்சதுல இருந்து எட்டரை, சாயந்தரம் நாலுல இருந்து பொழுது சாயுற வரைக்கும். அதுலயும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே படத்துல நிக்காதீங்க, நிழல் நகந்துடும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91ல வைக்கோல் போர் வரைஞ்சப்ப வெளிச்சம் மாற மாற கேன்வாச மாத்திகிட்டே இருந்தார், ஒரே கேன்வாச தொரத்திகிட்டு ஓடல. மொத பத்து நிமிஷத்துலயே நிழல் எங்கெங்கன்னு கோடு போட்டு பூட்டிடுங்க, அப்புறம் அது எங்க நகந்தாலும் கண்டுக்காதீங்க.

குடை கட்டாயம். கருப்புக் குடைதான், தாத்தா குடை. பூப்போட்ட குடை, நீலக்குடை, செவப்புக்குடை எதுவும் வேணாம், அந்தக் கலர் படத்து மேலயும் பேலட் மேலயும் எறங்கி, நீங்க கலக்குறது எல்லாம் வீட்டுக்கு வந்து பாத்தா வேற கலரா இருக்கும். போர்டு மேல நேரா வெயில் படவும் கூடாது, வெயில்ல பாக்குறப்ப எல்லாம் பளிச்சுனு தெரியுறதால நம்ம கை தானா டார்க்கா போட்டுடும், வீட்டுக்குள்ள மாட்டினா இருட்டா கெடக்கும். வெள்ளைச் சட்டை போட்டா அந்த வெளிச்சம் ஈரப் பெயின்ட்டு மேல அடிச்சு பளபளன்னு கண்ணக் கட்டும், சாம்பல் இல்ல காக்கி கலர் சட்டை போடுங்க.

காத்துக்கு ஈசல் நடுவுல ஒரு தண்ணி பாட்டில கட்டித் தொங்கவிடுங்க. மணல் ஒட்டிச்சுன்னா ஈரத்துல தொடைக்காதீங்க, தேச்சா உள்ள போயிடும், நல்லா காஞ்சதும் காஞ்ச தூரிகையால தட்டினா பாதிக்கு மேல உதிர்ந்துடும். பூச்சியும் அப்படித்தான்.

டர்பன்டைன்: ரயில்லயோ பஸ்லயோ போறதா இருந்தா எடுத்துட்டுப் போகாதீங்க, எரியுற சரக்கு, ரயில்ல தடை, விமானத்துலயும் விட மாட்டாங்க. பெயின்ட் ட்யூப் வேற, அது எண்ணெயில அரைச்சது, சட்டுனு பத்திக்காது. எனக்கு வெளிய டர்பன்டைனே தேவைப்படல. கலருக்கு ஒரு தூரிகை, மொத்தம் நாலு, நடுவுல துணியால தொடச்சா போதும். லிமிட்டட் பேலட்டோட பெரிய லாபமே இதுதான், எல்லாம் ஒரே குடும்பம்ங்குறதால கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தாலும் கெடுக்காது.

தொடச்ச துணிய கசக்கி பைக்குள்ள சுருட்டி வைக்காதீங்க. பெயின்ட்ல இருக்குற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காயும்போது சூடு விடும், சுருட்டி வச்ச துணி தானா பத்திக்கும், நம்ம ஊரு சூட்டுல கேக்கவே வேணாம். விரிச்சுக் காயப்போட்டுட்டு இல்லன்னா தண்ணில நனைச்சுட்டு குப்பைல போடுங்க.

கரித்துண்டு:

துணி விஷயம் நல்லா சொன்னீங்க, பலபேருக்கு தெரியல.

தூரிகைய வீட்ல தேங்காண்ணெயில அலசுறவங்க இருக்காங்க, அலசலாம், பெயின்ட் நல்லாவே எறங்கும், ஆனா அதுக்கப்புறம் துணி சோப்பு போட்டு நொரை வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவணும். தேங்காண்ணெய் காயாத எண்ணெய். தூரிகையில மிச்சம் இருந்து பெயின்ட்ல கலந்தா அந்த எடம் பிசுபிசுன்னே கெடக்கும். கடலெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் பெயின்ட்ல ஊத்தி தளர்த்துறேன்னு கெளம்பாதீங்க. லின்சீட், இல்லன்னா வால்நட், அவ்வளவுதான்.

சாப் க்ரீன் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. ஓக்கர்_மாமா ரெடிமேட் பச்சையே வேணாம்னு நெனைக்கிறார்னு தெரியுது...

ஓக்கர்_மாமா:

நான் அப்படி எங்கப்பா சொன்னேன்! பச்சைய கலக்கத் தெரிஞ்சவன் ட்யூப் வாங்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. தெரியாம வாங்கினா அந்த ட்யூப்தான் வரையும், நாம புடிச்சிட்டு நிப்போம், அதான் என் வருத்தம்.

ஆனா நீங்க சொன்ன ரெண்டு கலர் பயிற்சிய தம்பி கட்டாயம் செய்யணும். என் பசங்களுக்கு நானும் அதுலதான் ஆரம்பிப்பேன், ஒரு மாசம் மொனகுவாங்க.

டெல்டாக்காரன்:

லெமன், அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா மூணும் வாங்கியாச்சு, ஒயிட் பெரிய ட்யூப். மூணையும் கலந்து ஒரு சார்ட் போட்டு வச்சிருக்கேன். அலிசரின் இப்போதைக்கு இல்ல. சிவப்ப பைல ஓரமா வச்சிருக்கேன், மாரியம்மன் கோயில் பக்கம் போனா எடுக்கலாம்னு. இந்த வாரம் கரித்துண்டு அண்ணன் சொன்னபடி லெமன வீட்லயே விட்டுட்டு ரெண்டே கலர்ல போறேன்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு, ஈரப் படத்த எப்படி வீட்டுக்கு கொண்டு வர்றீங்க? எனக்கு பைக்தான், 12 கிலோமீட்டர் மண் ரோடு வேற.

காசிமேட்டு_காலை:

ரெண்டு போர்டும் ஒரே சைஸ்ல எடுத்துட்டுப் போங்க. வரைஞ்ச பக்கத்து நாலு மூலையிலயும் கார்க் துண்டு, இல்லன்னா தீக்குச்சிய ஒடிச்சு ரெண்டு மூணா சேத்துக் கட்டி வச்சு, மேல காலி போர்ட கவுத்துப் போட்டு, நாலு ஓரத்துலயும் பைண்டர் க்ளிப் மாட்டிடுங்க. நடுவுல காத்து எடம் இருக்கும், ஒட்டாது. மூலையில கார்க் பட்ட எடத்த வீட்டுக்கு வந்து ஒரு டச்சப் பண்ணிக்கலாம். பெயின்ட்ட தடியா அப்பியிருந்தீங்கன்னா கார்க்க இன்னும் உயரமா வையுங்க. மண் ரோட்டுக்கு அத ஒரு துண்டுல சுத்தி பைல நிமிந்த மாதிரி நிக்க வச்சு முதுகுல மாட்டிக்குங்க, டேங்க் மேல வைக்காதீங்க, அதிர்ச்சில க்ளிப் வழுகும்.

குன்னூர்_மஞ்சு:

தீக்குச்சிக்கு பதிலா துணி க்ளிப்பப் பிரிச்சா வர்ற மரத்துண்டு இன்னும் நல்லா நிக்கும். அப்புறம் அந்த ரெண்டு கலர் படத்த இங்க போடு தம்பி, டோன் பாத்து கரித்துண்டு அண்ணன் திட்டுறத நாங்களும் கேக்கணும்ல.